இடது ஓரத்தில் அத்தை

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் நடித்தவர் ஒருவர் உண்டு. சொன்னதும் எந்தப் படம், என்ன வேஷம் என்று கேட்பீர்கள். கல்யாண ஊர்வலத்தில் சீர்வரிசைத் தட்டு ஏந்திப் போகிற பெண்களில் கடைசி ஆள், இடது ஓரம். சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு நான் விடமாட்டேன்.

போன மாதம் அந்தப் படத்தைத் தூசி தட்டிப் புதுப்பித்து மறுபடியும் திரையிட்டார்கள். பழைய சினிமாஸ்கோப் படங்களை அவற்றின் முழு அகலத்தில் பார்க்க இப்போது இளவட்டங்கள்தான் முண்டியடிக்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் கூட வந்தவனிடம், "மச்சி, இதெல்லாம் போன்ல பாத்தா பாவம்டா. ஸ்கோப்ல பாக்கணும்" என்றான். எனக்கு அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாவத்தை அனுபவித்த குடும்பம்தானப்பா எங்களுடையது! பக்கத்தில் முட்டிவலியோடு அத்தை நின்றிருந்ததால் வாயை அடக்கிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. அம்மா நர்ஸ். பகல் டியூட்டி, ராத்திரி டியூட்டி என்று அவள் ஆஸ்பத்திரிக்கே வாழ்க்கைப்பட்டவள்போல் ஓடிக்கொண்டிருந்ததால், நான் வளர்ந்தது அப்பாவின் தங்கை இடுப்பில். ரேஷன் கடையோ, தண்ணீர் லாரியோ, கோயிலோ, அத்தை போகிற இடமெல்லாம் நானும் ஒரு மூட்டையாகக் கூடப் போவேனாம்.

நான் கைக்குழந்தை நிலை தாண்டி நடை பழகியிருந்த நாளில்தான் அந்தப் படப்பிடிப்பு பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் நடந்தது. ஊர்வலத்துக்குக் குடும்பப் பெண்கள் மாதிரி ஆட்கள் வேண்டும் என்று எங்கள் தெருவில் வந்து கேட்டிருக்கிறார்கள். அத்தை நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கல்யாணமாகாத பெண் சினிமாவில் முகம் காட்டலாமா என்று அப்பாவுக்கு வந்ததே கோபம்! பல நாள் தங்கையோடு பேசவில்லையாம். படம் வந்தபோது அம்மாவும் அத்தையும்தான் போய்ப் பார்த்தார்கள். "என் தங்கச்சிய நான் காசு குடுத்துப் பாக்கணுமா?" என்று அப்பா வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குக் காதால் கேட்ட கதை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இதை வைத்து நான் ராஜ்ஜியமே நடத்தினேன். நாலாம் வகுப்பில் சினிமாக்காரி வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். பென்சில் இரவல் கொடுப்பதற்குக்கூட ஒரு தோரணை வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படம் டிவியில் வருகிறது என்று தெரிந்தது. எங்கள் வாசலுக்குள் டிவி இருந்தது வீட்டுக்காரம்மாவிடம் மட்டும். வாடகையைவிட வாய் அதிகம் அவளுக்கு. குடித்தனக்காரர்கள் எல்லோரும் அவள் கூடத்தில் கூடிவிட்டோம். என் சிநேகிதிகள் வேறு வந்திருந்தார்கள். அத்தை குளித்து, பூ வைத்துக்கொண்டு, ஏதோ பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

ஊர்வலக் காட்சி வந்தது. மணப்பெண் வந்தாள், நாயனம் வந்தது, தட்டு ஏந்திய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு பாதித் தட்டு தெரிந்தது. ஒரு தேங்காயும் அரைச் சீப்பு வாழைப்பழமும். அவ்வளவுதான். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

"தோ, அந்தத் தட்டுக்குப் பக்கத்துல நானு!" என்று அத்தை எழுந்தே விட்டாள்.

வீட்டுக்காரம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: "தட்டுக்குப் பக்கத்துல டிவிப் பொட்டியோட கட்டைதாம்மா கீது."

கூடமே சிரித்தது. என் சிநேகிதிகளும் சிரித்தார்கள். அம்மா, "நான் என் கண்ணால தியேட்டர்ல பாத்தேங்க" என்றாள். "நாத்தனாருக்கு அண்ணி சாட்சியா? நல்லா கீதும்மா உங்க கதை" என்றாள் வீட்டுக்காரம்மா. நான் அவள்மீது பாய்வதற்காக எழுந்தேன். அத்தை என்னைப் பார்த்து, இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் காற்றில் மெல்லத் தட்டினாள். அங்கேயே உட்கார் என்று அர்த்தம். அந்தக் கைக்கு மட்டும் நான் கட்டுப்படுவேன். உட்கார்ந்தேன்.

அகலமான படத்தை அந்தச் சதுரப் பெட்டிக்குள் அடைக்க, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள் என்பது அப்போது அந்த வாசலுக்குள் யாருக்குத் தெரியும்? அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணி, நாம பாத்தது நெஜந்தான?" என்று அம்மாவைக் கேட்டாள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையாக வந்தது.

அன்றிலிருந்து அத்தைக்கு 'தட்டுக்குப் பக்கத்துல' என்று பெயர் வந்துவிட்டது. குழாயடியில் அவள் குடம் வைத்தால், "தட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். அத்தை விடியுமுன்பே தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். வாய் ஓயாமல் பாடிக்கொண்டே சமைக்கிறவள் பாட்டையும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என் ராஜ்ஜியம் போனதுகூடப் பெரிதில்லை. வீடு இழவு விழுந்த மாதிரி இருந்தது.

அப்பா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கே, 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்காரம்மா வாசலில் வைத்து அவரிடமே, "இன்னா, தட்டுக்குப் பக்கத்துல நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா விடுவிடுவென்று உள்ளே வந்தார். சாப்பிடவும் இல்லை.

ஆடி மாதம் வந்தது. பழைய படங்களைக் காலைக் காட்சியாக ஓட்டுகிற தியேட்டர் ஒன்று சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தது. அங்கே இந்தப் படம் போட்டிருக்கிற போஸ்டரை அப்பா பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார். ஆடித் தள்ளுபடி சமயத்தில் தி.நகர் ஜவுளிக்கடையில் லீவு கேட்பது, தேர் ஓடும்போது வடத்தை விட்டுவிட்டுப் போகிறேன் என்பது மாதிரி. தங்கச்சி விசேஷம் என்று சொல்லி லீவு கேட்டாராம். முதலாளி, "ஆடி மாசத்துல என்னய்யா விசேஷம்?" என்றாராம். "எங்க வீட்டுல ஆடியிலதான் வந்துது மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் என் அப்பா. அந்த வீரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவே பல வருஷம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் நாலு பேரோடு வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அவள் வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டு, பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற மிடுக்கோடு பஸ் ஏறினாள். அத்தை வரவே மாட்டேன் என்றாள். "அண்ணே, ஒருவேளை வெட்டிட்டிருந்தாங்கன்னா?" அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "வெட்டிட்டாங்கன்னா, வெட்டினவன் கண்ணு அவிஞ்சவன். கெளம்பு" என்றார்.

முதலில் விளம்பரங்கள் திரை நடுவில் சின்னதாக ஓடின. எனக்குத் திக்கென்றது. இதுவும் டிவி மாதிரிதான் இருக்கிறதே! பிறகு மணி அடித்தது. திரையின் இரண்டு பக்கமும் இருந்த கறுப்புத் துணி மெல்ல விலகியது. விலகியது, விலகிக்கொண்டே இருந்தது. திரை சுவரோடு சுவராக நீண்டு போயிற்று. அடேயப்பா! எங்கள் தெருவையே படுக்கப் போடலாம் போலிருந்தது. அப்பா வீட்டுக்காரம்மா பக்கம் குனிந்து, "இப்ப பாருங்கம்மா" என்றார்.

ஊர்வலம் வந்தது. பாதித் தட்டு முழுத் தட்டாயிற்று. அதை ஏந்தியவள் வந்தாள். அவளுக்கும் அப்பால், நீலப் புடவையில், தட்டை வலது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஆளுயரத்துக்கும் பெரிதாக, எங்கள் அத்தை.

அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "தோ! தோ! என் தங்கச்சி! நீலப் பொடவ! என் தங்கச்சிங்க அது!" சினிமாவே பிடிக்காத மனுஷன், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பின்வரிசையிலிருந்து, "யோவ் நைனா, மறைக்குது, குந்துய்யா!" என்று குரல் வந்தது. அவர் உட்காரவில்லை. வீட்டுக்காரம்மா வாயில் வெற்றிலையோடு, "அட, ஆமாம்மே! நம்ம பொண்ணுதான்!" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அது 'எங்க வீட்டுப் பொண்ணு' ஆகிவிட்டது. குழாயடியில் அத்தைக்குத்தான் முதல் குடம். அடுப்படியில் பாட்டும் திரும்பி வந்தது.

எனக்கு மட்டும் ஒரு குறை. எல்லாப் பெண்களும் மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அத்தை மட்டும் முகத்தைத் திருப்பித் திரைக்கு வெளியே எங்கேயோ பார்க்கிறாள். இடது கை வேறு கீழே எதையோ செய்கிறது. ஈ ஓட்டுகிறாளோ என்னவோ. இவ்வளவு பெரிய திரை கிடைத்தும் ஒழுங்காக நடிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். படம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன்.

"நீ மட்டும் யாரப் பாத்துக்கினு இருந்தே?"

"அங்க ஒரு பெரிய ஸ்டார் குந்திக்கினு இருந்தாங்க. அவங்களத்தான்" என்றாள் அத்தை. அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன மாதம் அந்தக் காட்சி வந்தபோது நான் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, அந்த இடது கையைத்தான் பார்த்தேன். புதுப்பித்த படத்தில் பளிச்சென்று தெரிந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, காற்றை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார். படப்பிடிப்பு அன்றைக்கு அம்மாவுக்குப் பகல் டியூட்டியாக இருந்திருக்கும். அத்தை என்னை வேறு யாரிடம் விட்டுவிட்டுப் போயிருப்பாள்? இருட்டில் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்ன என்றுகூடக் கேட்கவில்லை, படத்தில் மூழ்கியிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு, சிந்தாதிரிப்பேட்டை வெயிலில், நான் அந்தப் பெரிய ஸ்டாரை விடுவதாக இல்லை. தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் முன்னால் அத்தையை இழுத்து நிறுத்தி, "இவரா? இவங்களா?" என்று ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள் அத்தை.