பன்னிரண்டு நாள் வகுப்பும் அரக்குச் சாயமும்

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கலியாணசுந்தரத்தைப் பார்த்தும் சிரித்தது. 1973ஆம் வருஷம் அது. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயப்பட்டறைக்கு அவர் மேனேஜர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, டிப்ளமா படித்தவர், கொஞ்சம் கர்வி என்றும் சொல்லத்தான் வேண்டும். வேலையில் இருக்கும் இன்ஜினீயர்களுக்கும் மேனேஜர்களுக்கும் கிண்டியில் தொழில்நுட்ப நிர்வாகம் பற்றிப் பன்னிரண்டு நாள் வகுப்பு நடக்கிறது, ஓர் ஆளை அனுப்புங்கள் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. மனைவி காமாட்சியம்மாளிடம், பேரன் எடுக்கிற வயதில் எனக்குப் பாடமா என்று அலுத்துக்கொண்டார்.

அலுத்துக்கொண்டாலும் போகாமல் இருக்க முடியாது. பட்டறையே இழுத்து மூடப்படும் நிலையில் இருந்தது. சென்னைக் கடைக்காரர் சிட்டிபாபு, அரக்கு நிறச் சேலைகளை மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய அரக்கு வேறாம், இது வேறாம். சங்கத் தலைவர் சபாபதிக்கு ஆராயப் பொறுமை ஏது? தலைமைச் சாயக்காரர் தர்மன் தலையில் பழியைப் போட்டார். முசரவாக்கத்திலிருந்து இருபது வருஷமாகச் சைக்கிள் மிதித்து வந்து சாயம் காய்ச்சுகிற மனிதருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த மாதக் கூட்டத்தில் பட்டறையை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பதினான்கு பேர் பிழைப்பு அதில் இருந்தது.

கிண்டியில் அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்களெல்லாம் மோட்டார், லேத், பாய்லர் என்று பேசுகிறவர்கள். பட்டுக்கு எதற்கப்பா நிர்வாகம் என்று ஒருவர் கேட்டே விட்டார். நாலாம் நாள் வகுப்பெடுத்த கலாவதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு சாண் நீளக் காகிதத் துண்டை முதல் ஆளிடம் கொடுத்து, இதே அளவில் இன்னொன்று வெட்டுங்கள், நீங்கள் வெட்டியதை மட்டும் பக்கத்து ஆளிடம் கொடுங்கள் என்றார். இப்படியே முப்பது பேர் வெட்டினார்கள். கடைசித் துண்டை முதல் துண்டோடு வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் நீளம் கூடியிருந்தது! யாரும் தப்பாக வெட்டவில்லை, ஒவ்வொருவரும் முன்னவரைத்தான் சரியாகப் பின்பற்றினார்கள் என்றார் கலாவதி. வகுப்பே சிரித்தது. கலியாணசுந்தரத்துக்கு மட்டும் பட்டறை ஞாபகம் வந்தது.

பட்டறையில் புது ஈடு, அதாவது ஒரு தடவைக்கான சாயம், போடும்போதெல்லாம் போன ஈட்டின் நூலை வைத்துத்தான் நிறம் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் அந்த நூலும் தறிக்குப் போய்விடும். பட்டில் ஒரு முழம்கூட வீணாகக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் யார்? சாட்சாத் கலியாணசுந்தரமேதான். ஆறு வருஷத்துக்கு முன் மேனேஜராக வந்த புதிதில், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த பழைய மாதிரி நூல்களையெல்லாம் தண்டம் என்று பிடுங்கி நெசவுக்குக் கொடுத்தவர் அவர்தான். பாவி மனுஷன், அன்றிரவு சாப்பிடவில்லை.

வகுப்பு முடிந்து ஊர் திரும்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெசவாளர் வீடுகளுக்குக் கிளம்பினார். தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடிந்ததும் மிஞ்சும் நுனியை எந்த நெசவாளியும் எறிய மாட்டான், சுருட்டி டப்பாவில் போட்டு வைப்பான். அரக்கு நூல் இருந்தால் கொடுங்கள், எந்தப் பாவில் மிஞ்சியது என்றும் சொல்லுங்கள் என்று கேட்டார். தேதி யாருக்கு நினைவிருக்கிறது? திருவிழாதான் கணக்கு. "இது கருட சேவைக்கு மறுநாள் மழைல நனைஞ்சுக்கினு வாங்கியாந்த பாவுங்க, எம் பொண்ணு வயசுக்கு வந்த வருசம்" என்றாள் நீலாம்பாள் என்கிற நெசவுக்காரி. ஆறு வருஷத்துக்கு முந்தைய முதல் ஈடு அவள் டப்பாவில்தான் கிடைத்தது. பத்து நாளில் பத்தொன்பது துண்டு சேர்ந்தது.

கூட்டத்தில் அவற்றை ஒரு பலகையில் வரிசையாக அடித்து சபாபதி முன் வைத்தார். பக்கத்துப் பக்கத்து நூல்களைப் பார்க்கச் சொன்னார். சபாபதி கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்து, எல்லாம் ஒரே நிறம்தானே என்றார். கலியாணசுந்தரம் தோள் துண்டால் நடுவிலிருந்த பதினேழையும் மூடினார். முதல் நூல் மாதுளை, கடைசி நூல் நாவல்பழம். கலியாணசுந்தரம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தர்மன் கண்ணு கெடலீங்க. போன ஈட்டோட ஒவ்வொரு வாட்டியும் சரியாத்தான் சேத்துக்கினு வந்தாரு. முதல் மாதிரியப் பிடுங்கிப் போட்டது நானு. மூடுறதா இருந்தா என்னை அனுப்பிடுங்க, பட்டறைய வுட்டுடுங்க."

கர்வி இப்படிப் பேசி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. சபாபதி ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

நீலாம்பாள் கொடுத்த நூலைக் கண்ணெதிரே கட்டி வைத்துக்கொண்டு தர்மன் சாயம் காய்ச்சினார். சேலை நெய்து இறங்கியதும் சிட்டிபாபுவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தம் கடையில் விற்காமல் தங்கிய ஆறு வருஷத்துப் பழைய சேலை ஒன்றோடு அவர் வந்தார். கரை தெரியாமல் இரண்டையும் மடித்து முற்றத்து வெயிலில் வைத்தார்கள். சிட்டிபாபு குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், தூக்கியும் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தொட்டு, இதுதான் எங்கள் கடைச் சேலை, இந்த நிறம்தான் வேண்டும் என்றார்.

மாதக்கணக்கில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் இருந்த தர்மன் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"அது நேத்து தறியிலேர்ந்து எறங்குனதுங்க" என்றார்.

பதினான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டிபாபுவும் சேர்ந்து சிரித்துவிட்டு அறுபது சேலைக்குச் சொன்னார். கலியாணசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பட்டறையை மூட நாள் குறித்திருந்த சபாபதியே திரும்பி, அடுப்பை மூட்டுங்கப்பா என்றார்.