கேட்கப்படாத இரண்டாவது கேள்வி

புத்தூரில் எங்கள் சைக்கிளின் டைனமோ காணாமல் போன அன்று, வீட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றினால்தான் ரேடியோ பாடும். செய்தி கேட்காமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. எடுத்தவரின் தோலை உரிப்பதாகச் சொல்லிப் பூவரசந்தடி முறித்து வைத்திருந்தார்.

எடுத்தது நான். கரண்ட் எங்கே இருக்கிறதென்று பார்க்கக் கழற்றினேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. கிணற்றில் போட்டுவிட்டேன்.

கொழும்பில் கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டு வந்திருந்த சித்தப்பா, கம்ப்யூட்டர் மாதிரியே தான் விசாரிப்பதாகச் சொன்னார். தேங்காய்த் தும்பு ஒட்டிய விரல்களால் கொப்பித்தாளில் இரண்டு கேள்வி எழுதினார். சைக்கிள் கொட்டில் பூட்டின் திறப்பு உன்னிடம் இருந்ததா? டைனமோவைக் கழற்றினாயா? இரண்டுக்கும் ஓம் என்றால்தான் கள்ளன்.

"முதலாவதுக்கு இல்லை எண்டால் மிஷின் ரண்டாவதைப் பாக்காது. பாத்தாலும் முடிவு மாறாது."

என் அண்ணை முதல் கேள்விக்கே இல்லை என்றான். அடுத்தது நான். கொட்டிலை அடைத்திருந்த ஓலைக் கிடுகைத் தூக்கி நுழைந்தவளுக்குத் திறப்பு எதற்கு? இல்லை என்றேன். அது உண்மை. இரண்டாவது கேள்விக்கான பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா தாளில் கோடு கிழித்தார்.

"நீ போ பிள்ளை."

கடைசியில் அப்பா. திறப்பு அவருடைய இடுப்பில்தான் கிடக்கும்.

"திறப்பு உங்களிட்டை இருந்ததோ, அண்ணை?"

"ஓம். அதுக்கு?"

"அப்ப ரண்டாவதையும் கேக்கவேணும். டைனமோவைக் கழட்டினனீங்களோ?"

அம்மா சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போனா. "உன்ரை மிஷினும் நீயும்" என்று அப்பா தடியை வேலிக்கு மேலால் எறிந்தார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறதென்று ஒரு கிழமை சித்தப்பாவின் பின்னால் திரிந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் ஒன்றும் விளங்காத மோட்டுச் சாமான் என்று முடிவு கட்டினேன்.

பிறகு வெளிநாடுகளில் எத்தனையோ ஊர்களில் சாப்பாட்டுக்கடைக் கோப்பை கழுவினேன். ஓர் ஊரில் மூன்று மாதம் கணினி வகுப்புக்கும் போனேன், முடிக்கவில்லை. சித்தப்பா சொன்னது சரியென்று அங்கே தெரிந்தது. அவர் சொல்லாததும் தெரிந்தது: எந்தக் கேள்வி முதலில் என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்கிறார். தொட்டால் எல்லாம் குழம்பிவிடும் கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் காவல் வைக்கலாம்.

விசாரணைக்கு மறுநாள் அந்தக் கிடுகைத் தூக்கப் போனேன். அசையவில்லை. புதுத் தும்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அப்பா கட்டியிருப்பார் என்று நினைத்தேன். கேள்வி எழுதிய சித்தப்பாவின் விரல்கள் நினைவுக்கு வர இருபது வருடம் பிடித்தது.