செருப்புத் தட்டடியில் ஒரு பங்குச் சந்தை

லண்டனில் பங்குச் சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டால் படித்தவர்கள் நகரத்தின் நடுவில் உள்ள ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டுவார்கள். எங்களுக்கு அது ஈஸ்ட் ஹாமில், எங்கள் அம்மன் கோயிலின் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, திருநீறு வாங்கி, சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் சந்தை திறக்கும். குளிருக்குக் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். அத்தனை பேருடைய சப்பாத்து வாசத்துக்குள்ளும் நின்றுதான் நாங்கள் கம்பனிகளின் எதிர்காலத்தைத் தீர்மானித்தோம்.

நான் அதிகம் படித்தவனல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து, பக்கத்து ஊரான பார்க்கிங்கில், ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களில் அரசாங்கம் தொலைபேசியை விற்றது, எரிவாயுவை விற்றது, பிறகு தண்ணீரையும் விற்றது. வேலையிடத்து வெள்ளைக்காரர் எல்லாரும் பங்கு வாங்கினார்கள். நானும் கொஞ்சம் வாங்கினேன். வாங்கின கையோடு விலை ஏறிவிட்டது. அம்மன் எனக்குக் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்கும் அவள் அதே அளவு கண் திறந்திருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் சந்தையின் தலைவர் கணக்காளர் அண்ணை. கணக்காளர் பரீட்சையின் கடைசிப் பகுதியை அவர் வருசா வருசம் எழுதிக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியின் பொருளாளரும் அவர்தான். மற்றவர் மன்னார்த் தம்பி. அவர் கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தவறமாட்டார். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் சாப்பாட்டுக்கும் தவறமாட்டார். “மாதாவிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறனான் அண்ணை. அவ ஒண்டும் நினைக்கமாட்டா,” என்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தச் சின்னக் கம்பனி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே எங்கேயோ தொழிற்சாலை. மரக்கறிச் சமோசா செய்து, உறையவைத்துக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். கணக்காளர் அண்ணை வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில் அதைப் பொரித்து வைத்தார்கள். மூன்று பேரும் சாப்பிட்டுப் பார்த்து, உறைப்புக் காணாது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம்.

“அதுதான் ஐசே விசயம்,” என்றார் அண்ணை. “எங்களுக்கு உறைப்புக் காணாதெண்டா வெள்ளைக்காரனுக்கு அளவா இருக்கெண்டு அர்த்தம். இது வளரப்போற கம்பனி.”

இதைவிட ஆழமான ஆய்வை நான் பிறகு எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஒரு பங்கின் விலை நியாயமானதா என்று பார்க்க அண்ணை எனக்கு ஒரு வழி சொல்லித் தந்தார். ஒரு மூலைக்கடையை வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எத்தனை வருச லாபத்தை இன்றைக்கே விலையாகக் கொடுக்கிறோம்? அவ்வளவுதான் கணக்கு.

“சாதாரணக் கம்பனிக்குப் பத்து வருசத்து லாபத்தைக் குடுக்கலாம். வளர்ற கம்பனிக்கு முப்பது வருசத்தைக் குடுத்தாலும் மலிவு.”

“அப்ப என்னையும் அந்தக் கணக்கிலை வாங்குங்கோவன் அண்ணை,” என்றார் மன்னார்த் தம்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு. “நானும் வளர்ற ஆள்தானே.”

“உம்மிலை செலவு மட்டும்தான் வளருது,” என்றார் அண்ணை.

எனக்கு அந்தப் பங்கில் ஒரு தனி நோக்கம் இருந்தது. அடுத்த கோடைத் திருவிழாவில் ஐந்தாம் நாள் உபயம் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருந்தது. அன்றைய செலவு முழுவதையும் ஏற்று, புருசனும் பெண்சாதியுமாய் முன்னுக்கு நின்று திருவிழாவைச் செய்விக்கும் பாக்கியம் அது. வருசக்கணக்காய்க் கமிட்டியின் பின்னால் திரிந்து வாங்கியது. நாலாம் நாள் உபயகாரர் நகைக்கடை முதலாளி. ஆறாம் நாள்காரர் வைத்தியர். நடுவில் பாண் தொழிற்சாலைக்காரன் நான். அம்மனுக்கு ஒரு பட்டு, மேளம் நாதசுரம், வந்தவர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு என்று மனதுக்குள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். பாணால் முடியாததைச் சமோசா முடித்துத் தரும் என்று நம்பி, மிச்சம் பிடித்த காசையெல்லாம் அந்தப் பங்கில் போட்டேன்.

இலையுதிர் காலத்தில் கம்பனியின் வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்தது. லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு ஹோட்டல். பங்கு வைத்திருக்கிற யாரும் போகலாம், சாப்பாடும் உண்டு என்று அண்ணை சொன்னார். கல்யாண வீட்டுக்குப் போவதுபோலக் கோட் போட்டுக்கொண்டு போனோம். மேசை நிறையக் கம்பனியின் பண்டங்கள். சமோசாவுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பற்றிஸ் பலகாரத்தைப் பெருப்பித்ததுபோல் பொன்னிறத்தில் ஒரு பேஸ்ட்ரி. கந்தசஷ்டி விரத நாட்கள் என்பதால் நான் தண்ணீர் மட்டும் குடித்தேன். அண்ணையும் விரதம்தான்.

“கோட் சூட்டோடை நிக்கேக்க விரதம் பாக்க ஏலாது ஐசே. மரியாதை இல்லை,” என்று சொல்லிப் பேஸ்ட்ரியைக் கடித்தார். “உருளைக்கிழங்கு போலை கிடக்கு. இவங்கள் முன்னேறியிட்டாங்கள். உறைப்பும் அளவு.”

மன்னார்த் தம்பி பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பனித் தலைவர் எழும்பிப் பேசினார். சமோசாவில் லாபம் கொஞ்சம்தானாம். அதனால் சத்தமில்லாமல் ஒரு பேஸ்ட்ரித் தொழிற்சாலையை வாங்கிவிட்டார்களாம். மாட்டிறைச்சிப் பேஸ்ட்ரி. இப்போது வருமானத்தில் பாதிக்குக் கிட்ட அதிலிருந்துதான் வருகிறதாம். இனிமேல் வளர்ச்சியெல்லாம் மாடுதான் என்று சொல்லி, நீங்கள் சாப்பிடுவதும் அதுதான் என்று மேசையைக் காட்டினார். சபை கை தட்டியது. கணக்காளர் அண்ணையின் கையில் மூன்றாவது பேஸ்ட்ரி பாதியில் நின்றது.

“உமக்குத் தெரியுமோ இது என்னெண்டு?” என்று ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவர் மன்னார்த் தம்பியைக் கேட்டார்.

“முதல் கடியிலையே தெரியும் அண்ணை.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நல்லா ரசிச்சுச் சாப்பிட்டியள். ஏன் குழப்புவானெண்டு விட்டனான்.”

அந்தக் கிழமையே விலை பாய்ந்தது. ரி.வி.யில் பொத்தானை அமுக்கினால் பங்கு விலைகள் எழுத்தாய் வரும் பக்கத்தில் நானே பார்த்தேன். என் உபயத்துக்குப் பட்டு மட்டுமல்ல, இன்னொரு சோடி மேளமும் பிடிக்கலாம் என்ற அளவுக்கு ஏறியிருந்தது. ஆனால் ஏற்றியது மாடு. வெள்ளிக்கிழமை செருப்புத் தட்டடியில் என் சங்கடத்தை எடுத்து வைத்தேன்.

“நாங்கள் மாட்டை வெட்டேல்லை, சாப்பிடேல்லை,” என்றார் அண்ணை.

“நீங்கள் சாப்பிட்டனியள் அண்ணை. மூண்டு,” என்றார் மன்னார்த் தம்பி.

“ரெண்டரை. அது தெரியாமல் நடந்தது, அது வேறை தலைப்பு.” என் பக்கம் திரும்பினார். “இஞ்சை பாரும் ஐசே. அரைவாசிக்குக் கிட்டத்தான் மாடு. மிச்சம் சுத்த சைவம். அந்தச் சைவப் பகுதியிலை உபயத்தைச் செய்யும். மாட்டுப் பகுதியை வீட்டுச் செலவுக்கு எடும்.”

“நல்ல யோசனை,” என்றார் தம்பி. “தேரையும் ஒரு பக்கக் கயித்தாலை இழுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பாவத்தை எந்த விலைக்குப் போடுறது அண்ணை? நான் வாங்கின விலைக்கோ, இண்டைய விலைக்கோ?” என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

அண்ணை தாடையைச் சொறிந்து யோசித்தார். “பாவம் எப்பவும் வாங்கின விலைக்குத்தான். லாபம்தான் சந்தை விலைக்கு.”

“அப்ப மாட்டைப் பற்றி அறிய முதல் ஏறின லாபம் சுத்தமானதுதானே?”

“அப்பிடியும் சொல்ல ஏலாது. சந்தை எல்லாத்தையும் முன்னமே மணந்து பிடிச்சு விலைக்குள்ளை சேர்த்துப்போடும். அந்தத் தொழிற்சாலையை வாங்கினதிலையிருந்தே மாடு விலைக்குள்ளை இருந்திருக்கும்.”

“நான் நவராத்திரிக்கு விரதம் இருந்தனானே, அப்பவுமோ?”

“அப்பவும்தான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். உமக்குத்தான் தெரியாது.”

அடுத்த நாள் கோயில் ஐயரிடம் போனேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “காசு விசயமெல்லாம் கமிட்டிதான் பாக்கிறது. பொருளாளரைக் கேளுங்கோ,” என்றார். பொருளாளர் யார்? கணக்காளர் அண்ணை. திரும்பவும் அவரிடம் போனேன். “இது சமய விசயம் ஐசே, எனக்கென்ன தெரியும்? ஐயரைக் கேளும்,” என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த நடையைக் கோயிலைச் சுற்றி நடந்திருந்தால் கொஞ்சம் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். அவள் பங்குக்கும் பாகற்காய்க்கும் வித்தியாசம் கேட்கிற ஆள் என்று நாங்கள் மூன்று பேரும் பகிடி பண்ணுவது வழக்கம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, ஒண்டே ஒண்டு கேக்கிறன். விரலிலை தர்ப்பையோடை அம்மனுக்கு முன்னாலை நிக்கேக்க உங்கட மனசுக்குள்ளை என்ன ஓடும்? அம்மனோ, மாடோ?”

நானும் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

“மாடு ஓடுமெண்டா நான் பக்கத்திலை வந்து நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்.”

“அது இன்னும் ஏறுமாமப்பா. அண்ணை சொல்லுறார்.”

“ஏறட்டும். ஏறுறதையெல்லாம் பிடிக்கத்தானோ நாங்கள் இஞ்சை வந்தது?”

அவள் பக்கத்தில் நிற்காத உபயம் உபயமே இல்லை. அடுத்த நாளே வங்கியில் பத்திரத்தைக் கொடுத்து விற்கச் சொன்னேன். நான் போட்ட முதல் என் சம்பளக் காசு; அது அம்மனுக்கு என்று ஒதுக்கினாள். லாபத்தை என்ன செய்வது? வீட்டைச் சூடாக்கும் பொயிலர் அந்த மாதம்தான் உயிரை விட்டிருந்தது. “அதைப் பொயிலருக்குப் போடுங்கோ. பொயிலர் சைவமோ எண்டு ஆரும் வந்து கேக்கப்போறேல்லை,” என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு நல்ல கதகதப்பு. சுடுதண்ணீரில் முழுகிவிட்டுச் சாமியறைக்குள் போகும்போது எனக்குச் சின்னச் சந்தேகம் ஒன்று வரும். அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நான் விற்ற பிறகும் விலை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வெள்ளியும் திருநீற்றோடு அண்ணையின் அறிவிப்பும் கிடைக்கும். “உம்மட பக்தியின்ரை விலை இண்டைக்கு இன்னும் கூடியிட்டுது ஐசே.” சிரித்துச் சமாளிப்பேன். ஆனால் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து ரி.வி.யில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அம்மா, இதைப் பார்க்காமலிருக்க எனக்குப் பலம் தா என்று கும்பிட்டுவிட்டுத்தான் பார்ப்பேன்.

வசந்தம் தொடங்கும்போது அந்தச் செய்தி வந்தது. மாடுகளுக்கு வருகிற பைத்திய நோய் இறைச்சி மூலம் மனிதருக்கும் வரலாம் என்று அரசாங்கமே வாய்திறந்து சொன்னது. கடைகளில் மாட்டிறைச்சியைத் தொடுவாரில்லை. எங்கள் கம்பனியின் விலை மேல்மாடியிலிருந்து நிலவறைக்கு விழுந்தது. கணக்காளர் அண்ணை மெலிந்துபோனார். “இது நீண்ட கால முதலீடு,” என்றார். ஏறும்போது அது கெட்டித்தனம். இறங்கினால் நீண்ட கால முதலீடு. அவருக்குப் பங்கோடு இன்னொரு கவலையும் இருந்தது.

“அந்த ரெண்டரையாலை ஏதும் வருமோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றார் மன்னார்த் தம்பி. “வந்தாலும் எல்லாம் மறந்துபோமாம். பங்கு விலையும் மறந்துபோம்.”

இதற்குப் பிறகுதான் எனக்குப் பிரச்சினை தொடங்கியது. விலை விழுமுன்னமே ஒரு பாண் தொழிற்சாலைக்காரன் முழுவதையும் விற்றுவிட்டு வெளியே வந்தான் என்ற கதை ஈஸ்ட் ஹாம் கடைகளில் பரவியது. வெண்டிக்காய் பொறுக்கும் இடத்தில் என்னைக் கண்டு விலகி வழிவிட்டார்கள். மோர்டனிலிருந்து நான் முகம் கண்டிராத ஒருவர் போன் எடுத்து, அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டார். நான் அம்மனுக்குப் பயந்து விற்றேன் என்று உள்ளதைச் சொன்னேன். “சொல்ல விருப்பமில்லையெண்டா விடுங்கோ. கோயிலை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?” என்று கோபத்தோடு வைத்துவிட்டார். அதுவரை நான் சொன்ன பொய்களை நம்பினவர்கள்கூட அந்த உண்மையை நம்பவில்லை.

ஐந்தாம் நாள் திருவிழா வந்தது. சம்பளக் காசுக்கு ஏற்ற திருவிழா. மேளம் பிடிக்கவில்லை, கசெற்றில் நாதசுரம் போட்டோம். அம்மனுக்குப் பட்டுக்குப் பதிலாக நல்ல சிவப்பில் ஒரு நூல் சேலை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஒரு கிடாரம் பாயசம். முதல்நாள் நகைக்கடை முதலாளி செய்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. மனைவி கூறைச்சேலை உடுத்து என் பக்கத்தில் வந்து நின்றாள். ஐயர் எங்கள் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்தார். கற்பூரம் எரிந்தபோது என் மனதுக்குள் மாடு ஓடவில்லை. விலையும் ஓடவில்லை. அந்தச் சிவப்புச் சேலையில் அம்மன் எங்கள் வீட்டுப் பிள்ளைபோல் இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. கசெற் நடுவில் சிக்கி நின்றதைக்கூட மனைவி பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

திரும்பிப் பார்த்தால் மண்டபம் நிறைந்து, படி வரைக்கும் சனம். அத்தனை நாளிலும் வராத கூட்டம். அம்மனைக் கும்பிட்ட கையோடு எல்லாரும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். பாயசம் பரிமாற நான் வாளியோடு நின்ற வரிசைதான் எல்லா வரிசையிலும் நீளம். முன்னுக்கு வந்த கணக்காளர் அண்ணை கோப்பையை நீட்டிக்கொண்டு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“ஐசே, இப்பவெண்டாலும் சொல்லும். உமக்கு ஆர் சொன்னது?”

“அம்மன்தான் அண்ணை. வேறை ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவர் பாயசத்தை ஒரு மிடறு குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்கியது.

“அது சரி,” என்றார். “அம்மனுக்கு ஆர் சொன்னது?”

பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிக் காது கொடுத்தார்கள். நான் அடுத்த கோப்பைக்குப் பாயசத்தை அள்ளினேன்.