புதைத்துவிட்ட சதை

கொட்டாஞ்சேனையில் பலீலாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத த்ரீவீல்காரன் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கொடுப்பாள். ஆனால் புருஷனின் மூத்த சகோதரர் மஹ்ரூப் நானா வாசலில் செருப்பைக் கழற்றினால் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மனுசன். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

புருஷன் ஸவாஹிர் பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரி. வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாய் வீங்கியதால், பல வருடங்களுக்கு முன்பு அதை வெட்டிவிட்டுத் துணியால் நெய்த செயற்கைக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். போன வருடம் காய்ச்சலும் முதுகுவலியும் தொடங்கின. குழாயில் கிருமி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிய சத்திரசிகிச்சை நிபுணர், அதையும் சுற்றியிருந்த சதையையும் வெட்டியெடுத்துவிட்டு வேறு குழாய் பொருத்தினார்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்ப நர்ஸ் போத்தலோடு வந்தாள். மஹ்ரூப் குறுக்கே விழுந்தார். முஸ்லிமின் சதை குப்பைக்குப் போகக்கூடாது, மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்றார். வெட்டிய காலைக் கேட்டு வாங்கி அடக்குகிற குடும்பங்களைப் பார்த்துப் பழகிய நிபுணர், கொஞ்சம் சீழை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார். ஒரு துண்டையாவது பார்க்கட்டுமே என்று பலீலாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. மஹ்ரூப் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் புதைத்துவிட்டு வந்து, பெரிய நன்மை செய்தவர் போல டீ கேட்டார்.

சீழில் எந்தக் கிருமியும் வளரவில்லை. காய்ச்சலும் விடவில்லை. முள்ளந்தண்டில் கட்டி தெரிந்த பிறகு, இன்னொரு டாக்டர் ஊசியால் சதையெடுத்துப் பார்த்தார். புற்றுநோய். செயற்கைக் குழாயை ஒட்டி மிக மிக அரிதாக முளைக்கிற வகை. முன்பு வெட்டியெடுத்ததைச் சோதித்திருந்தால் பரவுமுன் மருந்து தொடங்கியிருக்கலாம் என்றார்.

மஹ்ரூபிடம் சொன்னபோது, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார். பலீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸின் கையில் போத்தலைக் கொடுத்து அனுப்பியதும் அந்த அல்லாஹ்தானே!

நோன்புக்கு முன் ஸவாஹிர் மௌத்தானார். மையவாடிக்குக் கொண்டுபோக, மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்க மஹ்ரூப் குனிந்தார். உள்ளறையில் இருக்கவேண்டிய பலீலா, ஆண்கள் கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

"நீங்க தொட வாணாம் நானா. அவர்ட உசிர நீங்க அண்டைக்கே பொதச்சிட்டீங்க."

மஹ்ரூப் பள்ளிவாசல் தலைவரைப் பார்த்தார். தலைவர் நிலத்தைப் பார்த்தார். பேலியகொடையிலிருந்து வந்திருந்த நாலு பேர் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.