ஒற்றை ஓட்டை வைத்த பட்டை

2006-ஆம் வருடம், ஆவணி மாதம். மரக்காணத்தைத் தாண்டி உப்பளங்களை ஒட்டி இருக்கும் எங்கள் ஊரில், என் கணவரின் கருமாதி அன்று சாயங்காலம் நடந்தது இது. எத்தனையோ பேரிடம் சொல்ல வாயெடுத்துப் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் உப்பளத்தில் உப்பு வாருகிற கூலி, ராத்திரியில் ராஜா. பக்கத்து ஊர் கூத்து ஜமாவில் அவருக்கு எப்போதுமே ராஜா வேஷம்தான். நல்ல ஆகிருதி, கணீரென்ற குரல். வேஷம் கட்டிக்கொண்டு திரையை விலக்கி வந்து நின்றால், வீட்டில் என்னிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மனுஷன்தானா இவர் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. உப்பு வாருகிற மாதங்களும் கூத்து நடக்கிற மாதங்களும் ஒன்றுதான். பங்குனி பிறந்தால் உப்பளமும் சூடு பிடிக்கும், ஊர் ஊராகத் திருவிழாவும் வரும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பு கீறிய இடத்தில் உப்புத் தண்ணீரே ஊறி ஊறி, விரல் இடுக்கிலும் கணுக்காலிலும் புண் ஆறவே ஆறாது. அந்தக் காலில்தான் ராத்திரி சலங்கைக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார். விடிந்து வீட்டுக்கு வரும்போது கயிறு புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றி நான்தான் மெதுவாகப் பிரிப்பேன்.

"ராஜாவுக்கு வலிக்காதும்மே" என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ராஜாவுக்கு வலிக்காது, வெந்நி வைக்கிறவளுக்குத்தான் வலிக்குது" என்பேன் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் புதுச்சேரிப் பக்கம் தோல் பை தைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். சுனாமி வந்து போன பிறகு வந்த பங்குனியில் பாத்திகளில் சேறு ஏறிக் கிடந்ததால் எங்கள் பக்கம் உப்பு வேலை தாமதமாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியில் கூட வேலை செய்த தோழியிடம் சொல்லி ஒரு மூட்டை துண்டுத் தோல் வாங்கி வந்தேன். சலங்கைக்கு அடியில் வைத்துக் கட்ட மெத்தென்று ஒரு தோல் பட்டை தைத்துவிட்டால் கயிறு புண்ணில் படாது அல்லவா?

முதல் ஜோடியைக் கெடுத்தேன். தோலைக் கால் வளைவுக்குப் படிய வைக்க வேண்டுமானால் நனைத்து, வளைத்துக் கட்டிக் காய வைக்க வேண்டும். கம்பெனிப் பழக்கத்தில் யோசிக்காமல் எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீரிலேயே நனைத்துவிட்டேன். எங்கள் ஊர் அடிபம்புத் தண்ணீருக்கும் உப்பளத்துத் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மறுநாள் பார்த்தால் தோல் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விறைத்து நிற்கிறது. அவர் அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். "ஜோரா கருவாடு தச்சிருக்கே, கொழம்பு வைப்பியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த ஜோடியைக் குடிதண்ணீரில் நனைத்தேன். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொள்கிற ஊரில் இவள் தோலைக் குளிப்பாட்டுகிறாள் என்று பேச்சு வந்தது. அதோடு விட்டார்களா? "வெள்ளிக்கிழமையும் அதுவுமா தோலை ஊட்டுக்குள்ள வச்சித் தைக்கிறியே" என்று பக்கத்து வீட்டம்மா முகத்தைச் சுளித்தார். "கோயில்ல அடிக்கிற மேளம் என்னா துணியிலயா கட்டியிருக்குது?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்தம்மா ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

தையல் மெஷின் ஊசி தோலில் இறங்காமல் முறிந்துபோனதால், குடைக்கம்பியைத் தீட்டிக் குத்தூசியாக்கி, நூலில் மெழுகு தேய்த்து எல்லாவற்றையும் கையாலேயே தைத்தேன். சலங்கைப் பட்டை, தோளில் மரத்தால் செய்த புஜக்கட்டையைத் தாங்குகிற வார், முன்கைக்குக் காப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடைசியாகச் செய்ததுதான் இடுப்புப் பட்டை. நாலு விரல் அகலம், முன்பக்கம் கண்ணாடிச் சில்லும் மணியும், ஓரத்தில் பித்தளை பக்கிள். அவர் கூத்தில் சுழன்று சுழன்று ஆடும்போது பாவாடையெல்லாம் அந்தப் பட்டையில்தான் நிற்க வேண்டும்.

பெல்ட் என்றால் வரிசையாக ஓட்டை வைப்பதுதான் வழக்கம். கம்பெனியில் இருந்து நான் எடுத்து வந்திருந்த தோலில் துளை போடுகிற பஞ்ச் ஒன்று வீட்டில் இருந்தது. அதை வைத்து ஒரே ஒரு ஓட்டைதான் போட்டேன்.

"ஏம்மே, ஒத்த ஓட்டைதானா? நான் குண்டாயிட்டா?"

"ஆக மாட்டீங்க. என் சமையல்ல ஒருத்தன் குண்டாவ முடியுமா?"

"எளைச்சிட்டா?"

"எளைக்க வுட்டுடுவனா நான்?"

அளவு டேப் இல்லாமலே ஒரு ஆளின் இடுப்பைக் கண்ணாலேயே சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெருமை உண்டு. அவர் இடுப்பு எனக்குத் தெரியாதா? அந்தப் பட்டையை அவரைத் தவிர வேறு யாரும் கட்டக்கூடாது என்கிற ஆசையும் அந்த ஒற்றை ஓட்டையில் இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்திருக்கும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜமாவில் அவருக்கு ஜோடியாக ராணி வேஷம் கட்டுகிறவர். என் கணவரைவிட வயதில் சின்னவர், ஒல்லியான ஆள், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். நான் அவரைச் சக்களத்தி என்பேன். "என்னா சக்களத்தி, நேத்து ராத்திரி என் வீட்டுக்காரரை ரொம்ப அழ வச்சிட்டியாமே?" என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பார். கூத்து முடிந்தால் சில நாள் இரண்டு பேரும் சேர்ந்தே எங்கள் வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார்கள்.

2006 சீசனில் என் கணவர் இளைத்தார். நான் பார்க்காமல் இல்லை. கேட்டேன். "உப்பு சீசன்ல எவன் குண்டா இருக்கான்?" என்றார். அதுவும் நிஜம்தான். அந்த வெயிலில் எல்லோரும்தான் வற்றிப்போவார்கள். சோற்றைப் பாதியில் வைத்தால், கூத்து நடந்த ஊரில் சாப்பிட்டுவிட்டேன் என்பார். லுங்கியும் தொளதொளவென்று ஒரு சட்டையுமாகத்தான் வீட்டில் இருப்பார். கூத்தில் பார்த்தால் ராஜா எப்போதும் போல ராஜாவாகவே இருந்தார். வேஷம் கட்டுகிற இடத்துக்கு மட்டும் அந்த வருடம் என்னை வர விடவில்லை. ஆம்பளைங்க உடுப்பு மாற்றுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்றார். கூத்துச் சாமான்கள் ஜமாப் பெட்டியில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. அதனால் நான் தைத்த பட்டையை அந்த சீசன் முழுக்கக் கையால் தொடவே இல்லை.

ஆடி மாதம் ஒருநாள் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வயிற்றுக்குள் கட்டி, ஈரலில் பரவிவிட்டது, இத்தனை நாள் எப்படித் தாங்கினார் என்று டாக்டரே கேட்டார். கூடப் படுத்து எழுந்தவள் நான். அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கருமாதி அன்று ராத்திரி கூத்து வைப்பது வழக்கம். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே சண்டைக்களத்தில் செத்து மோட்சம் போகிற ராஜாவின் கதை. அதை ஆடினால் இறந்தவரும் நல்ல கதிக்குப் போவார் என்பார்கள். எத்தனையோ வீட்டுக் கருமாதிக்கு என் கணவர் அந்த ராஜாவாக ஆடியிருக்கிறார். அவர் கருமாதிக்கு யார் ஆடுவது? வசனம் முழுக்கத் தெரிந்தவர் ராணி வேஷக்காரர் மட்டும்தான். அவரே ராஜா கட்டட்டும் என்று முடிவு செய்தார் ஜமா வாத்தியார்.

அன்றைக்குக் காலையில்தான் என் தாலியை எடுத்திருந்தார்கள். வெறும் கழுத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வாத்தியார் வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, தப்பா எடுத்துக்காத. அவன் ஒல்லி. பட்டை நிக்காதாம், கயிறே போதுங்கறான். இன்னொரு ஓட்டை போட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "அதுல வேற ஓட்டை போட முடியாது. வேணும்னா கயிறு கட்டி ஆடச் சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். வாத்தியார் திரும்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. ராஜா இடுப்பில் கயிறா? அதுவும் அவர் கருமாதியில்? ஆட்டத்தின் நடுவில் பாவாடை அவிழ்ந்தால் யாருக்கு அவமானம்? எழுந்து டப்பாவைத் துழாவி பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்தேன். "இந்தக் கோலத்துல அங்க போவியா?" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். போனேன்.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் படுதா கட்டி வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராணி வேஷக்காரர் முகத்தில் பாதி அரிதாரத்தோடு எழுந்து நின்றார். பட்டையைக் கேட்டேன். கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணி. கயிறே போதும்."

"நான் தச்ச பட்டையில உனக்கென்னா வந்தது? குடு."

"அண்ணி, சொன்னாக் கேளுங்க."

பிடுங்கிக்கொண்டேன். பஞ்ச் வைக்க இடம் பார்த்து வெளிச்சத்தில் திருப்பினேன். நான் போட்ட ஒற்றை ஓட்டை அப்படியே இருந்தது, மெழுகு தேய்த்த வழவழப்போடு. அதற்கு உள்பக்கமாக இன்னொரு ஓட்டை. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே மூன்றாவதாக ஒன்று. ஆணியை வைத்துக் குத்தியது. பிசிறு பிசிறாக, துருக் கறையோடு. வெளியே தெரியாமல் இருக்க, புருவத்துக்குத் தீட்டுகிற கறுப்பு மையை ஒவ்வொன்றைச் சுற்றியும் தடவி வைத்திருந்தது.

பட்டையின் உள்பக்கம் இரண்டு மூன்று மடிப்புத் துணியும் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டிப்போனது தெரியாமல் இருக்கப் பட்டைக்குள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு என் கணவர் ஆடியிருக்கிறார்.

ராணி வேஷக்காரர் அழ ஆரம்பித்துவிட்டார். "சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சா ஆட வுட மாட்டீங்கன்னாரு. ஆடி கழியட்டும், நானே அவகிட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாரு. ஒவ்வொரு தடவையும் என்னை ஆணியைப் புடிச்சிக்கச் சொல்லி, அவரே அடிச்சாரு."

கையில் இருந்த பட்டையாலேயே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவர் நகரவில்லை. கூத்தில் பெண்டாட்டியாக இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டில் பெண்டாட்டியாக இருந்தவளுக்குத் தெரியவில்லை. நான் வேடிக்கைக்குச் சொன்ன சக்களத்தி அன்றைக்கு நிஜமாகவே சக்களத்தியாகத் தெரிந்தார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, பட்டையை நானே அவர் இடுப்பில் சுற்றினேன். என் ஓட்டையில் மாட்டினேன், தொளதொளத்தது. ஆணி குத்திய முதல் ஓட்டையிலும் நிற்கவில்லை. அடுத்ததில் சரியாக உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"மூச்சை இழுத்துப் புடி" என்றேன். பிடித்தார். கடைசி ஓட்டைக்கு இழுத்துப் பார்த்தேன். பக்கிள் எட்டவில்லை. ஜமாவிலேயே ஒல்லியான ஆள் அவர். அவருக்கே எட்டாத ஓட்டையில் பட்டையை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் விடிய விடிய ராஜாவாக ஆடியிருக்கிறார்.

கொண்டு போன பஞ்ச்சுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அன்று கூத்து நன்றாகவே நடந்தது என்று சொன்னார்கள். அந்தக் கதையில் ஒரு கட்டம் வரும். உயிரைக் காக்கிற கவசத்தை யாரோ வந்து தானமாகக் கேட்க, ராஜா தன் உடம்போடு ஒட்டியிருக்கிற அதை அறுத்துக் கொடுப்பார், சிரித்த முகமாக. பலமுறை பார்த்த கட்டம்தான். ஒவ்வொரு முறையும் ராஜாவுக்காக அழுதிருக்கிறேன். அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். விடிந்ததும் ராணி வேஷக்காரர் அரிதாரம் கலைக்காமலே வந்து பட்டையை என் மடியில் வைத்தார். வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஓட்டை குத்தும்போது கூட இருந்தவர் அவர்தானே, அவரே கட்டிக்கொள்ளட்டும்.

இப்போது நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். கண்ணளவை நம்புவதில்லை. யார் வந்தாலும் டேப் வைத்துப் பார்த்து, போன தடவை அளவைவிட ஒரு விரல் குறைந்திருந்தால், "ஏம்மா, உடம்புக்கு என்னா? சாப்பிடுறியா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், துருவித் துருவிக் கேட்கிறாள் என்று. கேட்டுக்கொண்டே இருப்பேன். ஏனென்றால் ஒரு மனுஷர் என் கண் முன்னாலேயே மூன்று ஓட்டை தூரம் என்னை விட்டு விலகிப் போனார், நான் போட்ட அந்த ஒற்றை ஓட்டையை நம்பிக்கொண்டு நான் சும்மா இருந்துவிட்டேன்.