சிவப்புக் குழாய்

1998 ஆகஸ்ட். குவைத்தில், ஃபஹாஹீலில், கீழக்கரைக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டட சைட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் வாசலிலேயே சுருண்டு விழுகிறார். உடம்பு கொதிக்கிறது, வியர்வையே இல்லை. உள்ளே ஓடி, நீலக் குறி போட்ட குழாயைத் திறக்கிறேன்.

"அதத் தொறக்காதீங்கண்ணே! மாடித் தொட்டித் தண்ணி, கை வெந்துரும்!" கடைக்காரர் கத்துகிறார். அதற்குள் என் விரல்கள் சிவந்துவிட்டன. "சிவப்பைத் தொறங்க. கீசரை அணைச்சு வச்சிருக்கோம். ஏசி ரூமுக்குள்ள இருக்கதால அதுலதான் ஆறுன தண்ணி."

விழுந்தவர் மேல் ஒரு வாளி ஊற்றுகிறோம். அசைவே இல்லை.

"என்ன கொடுமைங்க இது?" என்கிறேன்.

"முன்னெல்லாம் கீசரை ஜூன்லதான் அணைப்போம். இந்த வருஷம் ஏப்ரல்லயே அணைச்சாச்சு."

இரண்டாவது வாளியில் அவர் கண் திறக்கிறார். ஈர உதடுகள் மெல்ல அசைகின்றன. குனிந்து கேட்கிறேன்.

"மணி என்னாச்சு? டூட்டிக்குப் போகணும்."