காப்பிக் களத்தில் நின்ற வேன்

பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. விடுமுறைக்கு நாகலூரில் அக்கா வீட்டுக்குப் போனவன் சும்மா இருந்திருக்கலாம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் தன் பழைய வேன் வளைவுகளில் இறங்கும்போது பின்பக்கம் கீச்சென்று கத்துகிறது என்று அக்கா வீட்டுக்காரர் சொன்ன மறுநிமிடமே நான் எழுந்துவிட்டேன். பின் சக்கரத்துப் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது, மாற்றினால் போதும், சேலத்துப் பட்டறைக்கு எதற்கு, நானே அரை நாளில் முடித்துவிடுவேன் என்றேன்.

மாமா தாடையைச் சொறிந்தார். "ஏனுங்க மாப்ளே, புஸ்தகத்துல படிச்சதுங்களா, கையில செஞ்சதுங்களா?"

"ரெண்டுந்தானுங்க" என்றேன். அதில் பாதி பொய்.

வீட்டைச் சுற்றி எல்லாமே சரிவு. சமமாக இருந்த ஒரே இடம், காப்பிக்கொட்டை காயவைக்கும் சிமென்ட் களம். சனிக்கிழமை மதியம் வேனை அதன் நடுவில் நிறுத்தினேன். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி கொடுத்து, வலது சக்கரத்தைக் கழற்றினேன். அதுவரை எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் களம் காலியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது முக்கியம். கல்யாணமாகி வந்த வருஷம் அவள் தன் கையால் நட்ட செடிகள் அந்த முறைதான் முதன்முதலாக நிறையக் காய்த்திருந்தன. பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, அன்று சாயங்காலம் கழுவி எடுத்த கொட்டையைக் கொட்டகையில் ஈரமாகக் குவித்து வைத்திருந்தாள். ஞாயிறு வெயில் ஏறியதும் பரப்பியாக வேண்டும். மண்ணில் கொட்டினால் மண்வாடை பிடித்துக்கொள்ளும். குவியலாகவே விட்டால் புழுங்கிப் புளித்துவிடும்.

பிரேக் ஷூக்களை மூடியிருக்கும் டிரம் கழலவில்லை. இரண்டு திருகுகளையும் எடுத்த பிறகும் அச்சில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது. துரு என்று முடிவு கட்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். கட்டையை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். இருட்டும்வரை தட்டியும் ஒரு மயிரிழை நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகும் முன்பே மறுபடி உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா கூடையோடு வந்து நின்றாள்.

"சாமி, ஆச்சா?"

"பத்து நிமிசம்க்கா."

"நேத்து மத்தியானம் சொன்ன அதே பத்து நிமிசமா?"

பத்தரைக்கு மறுபடி வந்தாள். "சக்கரத்த மாட்டிட்டு வண்டியத் தள்ளி வெச்சுட்டு அப்புறம் கழட்டு கண்ணு. கொட்டை சூடாவுது."

"இப்பத்தான்க்கா இளகுது. தள்ளுனா எல்லாம் வீணாப் போயிரும்."

இளகவே இல்லை. எனக்கே தெரியும். ஆனால் இத்தனை நேரம் தட்டியதை விட்டுவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. சுத்தியலைத் தூக்குவதற்கே ஒவ்வொரு முறையும் ஒரு பெருமூச்சு தேவைப்பட்டது.

மதியம் பன்னிரண்டுக்கு அக்கா வந்து என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். குவியலுக்குள் என் கையை முழங்கைவரை நுழைத்தாள். காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்டதுபோல் கொதித்தது. லேசாகக் காடி வாசனையும் வந்தது. திரும்பி வந்து சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினேன்.

கற்களை எடுத்துவிட்டு மூன்று பேரும் தள்ளினோம். வேன் அசையவில்லை. "கியர்ல கெடக்குதோ" என்று மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் தலை வெளியே வரவில்லை.

"மாப்ளே, ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டா டிரம்மக் கழட்டுனீங்க?"

ஹேண்ட்பிரேக் பிடிப்பது அதே பின் ஷூக்களைத்தான். அதை இழுத்து வைத்திருக்கும்வரை ஷூக்கள் உள்ளிருந்து டிரம்மை இறுக்கிக்கொண்டிருக்கும். யார் தட்டினாலும் வராது. அதைத் தளர்த்துவதுதான் புத்தகத்தில் முதல் வரி. இதுகூடவா தெரியாது என்று நான் தாண்டிப்போன வரி. இந்த மலையில் வண்டியை விட்டு இறங்குகிற எவனுக்கும் கால் தரையில் படுமுன் கை அந்த லீவரை இழுத்திருக்கும். இங்கேயே ஓட்டப் பழகிய என் கை சமமான களத்திலும் இழுத்திருக்கிறது. சமவெளிக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"ஒரு நா முச்சூடும் எங்கூட்டுக்காரரு வண்டியோட சண்ட போட்டிருக்கறான், இவன் நிக்கச் சொன்னதால வண்டி நின்னுருக்குது" என்றாள் அக்கா. மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

லீவரை இறக்கியதும் வேன் இலேசாக நகர்ந்தது. பாதையோரச் சரிவில் நிறுத்திக் கல் வைத்தோம். இப்போது ஹேண்ட்பிரேக் போட முடியாது. முன் சக்கரக் கல்லை மாமா காலால் அழுத்தி மிதித்தபடி நிற்க, நான் சக்கரத்தை மறுபடி கழற்றினேன். இரண்டே தட்டில் டிரம் கையோடு வந்தது. உள்ளே ஷூக்கள் ஆணித்தலை தெரியத் தேய்ந்திருந்தன. வாங்கி வைத்திருந்த புது ஷூக்களை மாட்டும்போது ஸ்பிரிங் இரண்டு முறை நழுவிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. களத்தில் அக்கா கொட்டையைப் பரப்பிக் கிளறும் மரப்பலகையின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இடது பக்கத்தையும் முடித்தபோது மணி நாலு. மேகம் இறங்கியிருந்தது.

மாமா கரடியூர் பாதையில் சரிவுவரை ஓட்டிப் பார்த்து வந்தார். "நிக்குதுங்க மாப்ளே. நொம்ப நல்லா நிக்குது."

நான் தலையாட்டினேன். சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

களத்துக்குப் போனேன். நடுவில், எப்போதும் வெயில் நெடுநேரம் நிற்கும் இடத்தில், மண்ணெண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. அந்த வாசம் கொட்டையில் ஏறும் என்று அதைச் சுற்றி விட்டுவிட்டுத்தான் அக்கா பரப்பியிருந்தாள். ஓரமாக ஒரு சாக்கில் தனியாக ஒரு பங்கு கிடந்தது. குவியலின் அடிப்பாகம். அள்ளி முகர்ந்தேன், புளித்திருந்தது.

"அது சேராது சாமி. மத்ததோட கலந்தா அதையுங் கெடுத்துப்போடும்" என்றாள்.

"எவ்வளவுக்கா போச்சு?"

"கால்வாசி இருக்கும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "போயிக் கையக் கழுவிட்டு வா. சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு. அந்தக் கையோட மத்ததத் தொட்டுறாத."

மூன்று முறை கழுவினேன். பிறகு அவளிடமிருந்து பலகையை வாங்கிக்கொண்டு, கறையைத் தொடாமல், பனி இறங்கும்வரை கிளறினேன்.